சுவரில் நின்ற சேற்றுக்கோடு
நம்பிக்கைகளும் உண்மைகளும்

2013 அக்டோபர் 23. நள்ளிரவு தாண்டிய நேரம். கேமரன் மலையின் ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட தண்ணீர், பெர்த்தாம் பள்ளத்தாக்கில் தூங்கிக்கொண்டிருந்தவர்களின் வீடுகளுக்குள் சேறாகப் புகுந்தது. உயிர்கள் போயின. வீடுகள் சிதைந்தன, கார்கள் அடித்துச் செல்லப்பட்டன. அதற்குப் பிறகு கேமரன் மலையில் மழை வலுத்தாலே அணை, ஆறு, கம்ப்யூட்டர் கணக்கு என்று பேச்சு கிளம்பிவிடுகிறது. அந்தப் பேச்சில் கலந்திருக்கும் தவறான நம்பிக்கைகள் ஆற்றோரத்தில் குடியிருப்பவருக்கு ஆபத்தானவை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: அணை உடைந்தால்தான் ஆபத்து. உடையாதவரை கீழே இருப்பவர்களுக்குப் பயமில்லை.

உண்மை: 2013-ல் அணை உடையவில்லை. 1963-ல் கட்டி முடித்த அதே அணை இன்றும் நிற்கிறது. ஏரி நிரம்பி வழியப் போகும்போது அணையைக் காக்க மதகைத் திறந்தே ஆக வேண்டும். கட்டிய காலத்தில் ரிங்லெட் ஏரியின் கொள்ளளவு சுமார் 63 லட்சம் கன மீட்டர். மேட்டிலிருந்து ஆண்டுதோறும் இறங்கிய மண் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, பழைய மழைக்கே ஏரி இப்போது சீக்கிரம் நிரம்புகிறது. ஆகவே ஆற்றைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பவர் இரண்டு கணக்குப் போட வேண்டும். அணை உடைந்தால் என்ன ஆகும் என்பது ஒன்று. அணை நன்றாக இருந்து மதகு மட்டும் திறந்தால், எத்தனை நிமிடத்தில் எந்த வாசலில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பது மற்றொன்று. அபாயச் சங்கை எப்போது ஊத வேண்டும் என்பதைச் சொல்வது இந்த இரண்டாவது கணக்குதான்.

நம்பிக்கை 2: நம் பக்கம் மழை இல்லை. ஆறு பெருகாது.

உண்மை: பெர்த்தாம் ஆற்றில் ஓடுவது பெர்த்தாம் பள்ளத்தாக்கின் மழை மட்டுமல்ல. மின்சாரத் திட்டத்துக்காக மலையைக் குடைந்து, தெலோம் ஆற்றின் நீரையும் அதன் பக்கத்து ஓடைகளின் நீரையும் சுரங்கவழியே இந்தப் பக்கம் கொண்டுவந்திருக்கிறார்கள். அது ஹபு மின்நிலையம் வழியாக ரிங்லெட் ஏரியைச் சேர்ந்து, அங்கிருந்து இன்னொரு சுரங்கத்தில் சுல்தான் யூசோப் நிலத்தடி மின்நிலையத்துக்கு இறங்குகிறது. வரைபடத்தில் நீர்ப்பிரி மேட்டை மட்டும் பார்த்து எல்லை போட்டவர், சுரங்கத்தில் வரும் தண்ணீரைக் கணக்கில் விட்டுவிடுவார். எங்கிருந்தெல்லாம் நீர் நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று கணினிக்குச் சரியாகச் சொல்வதே முதல் வேலை.

நம்பிக்கை 3: விலை உயர்ந்த மென்பொருள் வாங்கிவிட்டால் கணக்கு சரியாக வந்துவிடும்.

உண்மை: உலகில் அதிகம் புழங்கும் ஆற்று மென்பொருள்களில் ஒன்றான ஹெக்-ராஸ் முற்றிலும் இலவசம். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை அதை 1995-ல் வெளியிட்டது. பிரெஞ்சுப் பொறியாளர் சான்-வெனான் 1871-ல் எழுதிய சமன்பாடுகளைத்தான் அது தீர்க்கிறது. விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்களுக்குள்ளும் பெரும்பாலும் அவையே இருக்கின்றன. கணக்கு தேறுவதும் தோற்பதும் நாம் உள்ளே கொடுக்கும் அளவுகளைப் பொறுத்தது.

நம்பிக்கை 4: செயற்கைக்கோள் படம் இருக்கும்போது ஆற்றில் இறங்கி அளப்பது வீண் வேலை.

உண்மை: இலவசமாகக் கிடைக்கும் உயர வரைபடங்களில் பிரபலமானது 2000 பிப்ரவரியில் விண்ணோடம் ஒன்று ரேடார் மூலம் எடுத்தது. அதில் ஒரு புள்ளி 30 மீட்டர் அகலம். பத்து மீட்டர் அகல ஓடை அந்தப் புள்ளிக்குள் காணாமல் போய்விடும். அடர்ந்த காட்டில் ரேடார் பார்ப்பது மர உச்சியைத்தான், தரையை அல்ல. விமானத்திலிருந்து பாய்ச்சும் லேசர் இதைவிடப் பல மடங்கு நுட்பமானது. ஆனாலும் வழக்கமான லேசர் கலங்கிய தண்ணீரைத் துளைத்து ஆற்றின் அடியைக் காட்டாது.

எனவே இறங்கித்தான் ஆக வேண்டும். இக்கரைக்கும் அக்கரைக்கும் கயிறு கட்டுவார்கள். ஒருவர் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு நீரில் நிற்பார், கரையில் இருப்பவர் கருவியில் பார்த்து அளவைக் குறிப்பார். ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு அளவு. பாறை இருந்தால் பாறையின் மேலும் ஒன்று. இப்படிக் கிடைப்பது ஆற்றின் ஒரு குறுக்குவெட்டு. பாலத்துக்குச் சற்று மேலே, சற்றுக் கீழே, வளைவில், ஆறு குறுகும் இடத்தில், விரியும் இடத்தில் என்று திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். கரையை நெருக்கிக் கட்டிய பயிர்க் கூடாரமும் மதிலும் அதில் விடுபடக் கூடாது.

நம்பிக்கை 5: ஆற்றுப்படுகையின் சொரசொரப்பு சின்ன விஷயம். புத்தகத்திலிருந்து ஒரு எண்ணை எடுத்துப் போட்டால் போதும்.

உண்மை: அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மானிங் பெயரால் அழைக்கப்படும் எண் இது. நேரான, சுத்தமான கால்வாய்க்கு 0.03 என்று வைத்துக்கொள்ளலாம். பாறைகள் கிடக்கும் மலை ஓடைக்கு 0.05 வரும், சில இடங்களில் 0.07-ஐயும் தொடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அகலம் 10 மீட்டர், ஆழம் 2 மீட்டர், 100 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு. எண் 0.03 என்றால் அந்த ஓடை வினாடிக்குச் சுமார் 85 கன மீட்டர் தண்ணீரைக் கொண்டுபோகும். 0.05 என்றால் சுமார் 51 மட்டுமே. திருப்பிப் போட்டாலும் அப்படித்தான்: பாறை நிறைந்த அந்த ஓடையில் 85 கன மீட்டர் வந்தால் ஆழம் 2 மீட்டரில் நிற்காது, ஏறக்குறைய 2.85 மீட்டருக்கு ஏறும். தவறான ஒரு எண்ணால் வந்த வித்தியாசம் 85 சென்டிமீட்டர். தரையில் பாய் விரித்துத் தூங்கும் குழந்தைக்கு அது உயிர்ப் பிரச்சினை.

நம்பிக்கை 6: திரையில் அழகான நீல வரைபடம் வந்துவிட்டது. கணக்கு முடிந்தது.

உண்மை: கணினி ஆற்றைச் சிறு கட்டங்களாகவும் நேரத்தைச் சிறு படிகளாகவும் பிரித்துக் கணக்கிடுகிறது. கட்டம் 5 மீட்டர், நீரின் வேகம் வினாடிக்கு 4 மீட்டர் என்றால், ஒரு கட்டத்தைக் கடக்க ஒன்றேகால் வினாடி போதும். காலப்படியை ஒரு நிமிடம் என்று வைத்தால், ஒரே தாவலில் தண்ணீர் 48 கட்டங்களைத் தாண்டிவிடும். அப்போது விடை ஆட்டம் காணும், சில நேரம் இல்லாத அலையும் எழும். படம் மட்டும் அழகாகவே இருக்கும். காலப்படியைப் பாதியாக்கி மறுபடி ஓட்டிப் பாருங்கள். விடை மாறினால் முதல் விடையை நம்பக் கூடாது. உள்ளே விட்ட தண்ணீரின் அளவும், வெளியே போனதும் தங்கியதும் சேர்ந்த அளவும் ஒத்துவருகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். செங்குத்தான மலை ஓடையில் இந்த இரண்டு சோதனைகளையும் செய்யாமல் எந்த வரைபடத்திலும் கையெழுத்துப் போடக் கூடாது.

நம்பிக்கை 7: வெள்ளம் என்றால் தண்ணீர்தானே.

உண்மை: பெர்த்தாம் பள்ளத்தாக்கு மக்களைக் கேளுங்கள், சேறு என்பார்கள். பத்து லிட்டர் கலவையில் இரண்டு லிட்டர் மண் என்றால், தண்ணீரை மட்டும் வைத்துப் போட்ட அளவு கால் பங்கு கூடிவிடும். நான்கு லிட்டர் மண் என்றால் மூன்றில் இரண்டு பங்கு கூடும். கெட்டியான சேறு தண்ணீரைப் போல ஓடுவதும் இல்லை. அதனால்தான் 2021-ல் வந்த ஹெக்-ராஸ் 6.0-இல் சேற்று ஓட்டத்துக்கென்று தனிக் கணக்கு சேர்க்கப்பட்டது.

மண் எங்கிருந்து வருகிறது என்பதிலும் நிதானம் வேண்டும். மலையில் இருக்கும் எல்லா விவசாயத்தையும் ஒரே கணக்கில் சேர்க்கக் கூடாது. 1929-ல் தொடங்கிய போ தோட்டம் போன்ற பழைய தேயிலை மலைகளில், செடிகள் தோளோடு தோள் சேர்ந்து மழைத்துளி மண்ணில் நேராக விழாமல் தடுக்கின்றன. புதிதாக வெட்டிய சரிவில் மண் திறந்து கிடக்கிறது. கவ்வாத்து வெட்டிய தேயிலைக்கும் கொழுந்து நிறைந்த தேயிலைக்கும்கூட வேறுபாடு உண்டு. பிளாஸ்டிக் கூடாரத்தின் மேல் விழும் மழை மண்ணுக்குள் இறங்காமல் நேரே லோங்காங்குக்கு (வடிகாலுக்கு) ஓடுகிறது. கணினி மாதிரியில் இவை ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பு கொடுக்க வேண்டும்.

நம்பிக்கை 8: ஒருமுறை ஆய்வு செய்தாகிவிட்டது. இனி கவலையில்லை.

உண்மை: 2013-க்கு அடுத்த ஆண்டே, 2014 நவம்பரில், ரிங்லெட் வட்டாரத்தில் மறுபடியும் சேற்று வெள்ளம் வந்தது. ஒவ்வொரு வெள்ளமும் படுகையை ஒரு இடத்தில் தூர்த்து இன்னொரு இடத்தில் தோண்டிவிட்டுப் போகிறது. போன வெள்ளத்துக்கு முன் எடுத்த குறுக்குவெட்டு, இப்போது இல்லாத ஓர் ஆற்றின் படம். மறுபடி அளக்க வேண்டும், மறுபடி ஓட்ட வேண்டும்.

நம்பிக்கை 9: இதெல்லாம் படித்தவர்கள் வேலை. நமக்கு இதில் என்ன இருக்கிறது?

உண்மை: மாதிரி உண்மை சொல்கிறதா என்று சோதிக்க, நடந்து முடிந்த ஒரு வெள்ளத்தின் உயரம் வேண்டும். நள்ளிரவில் மழை கொட்டும்போது அதை அளக்கக் கருவியோடு யாரும் நிற்பதில்லை. லயத்துச் சுவரில் சேறு விட்டுப்போன கோடுதான் அப்போது ஒரே சாட்சி. கணினி சொல்லும் உயரம் அந்தக் கோட்டோடு சேரவில்லை என்றால், சேரும்வரை கணக்கைத்தான் திருத்த வேண்டும். பெரும்பாலும் வீட்டைச் சுத்தம் செய்யும் அவசரத்தில் அந்தக் கோட்டை மறுநாளே கழுவிவிடுகிறோம்.

அடுத்த முறை கழுவுவதற்கு முன் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். கோட்டின் மேல் விளிம்பில் ஓர் ஆணி அடியுங்கள், அல்லது சாயத்தால் கீறி வையுங்கள். பக்கத்தில் தேதியும், தண்ணீர் ஏறிய நேரமும் எழுதுங்கள். பக்கத்தில் ஒரு வாளியை வைத்துப் படம் எடுங்கள், உயரம் புரியும். அந்தப் படத்தை மாவட்ட நீர்ப்பாசன, வடிகால் இலாகாவில் கொடுங்கள். பொறியாளர் கேட்டு வரும்போது அந்த ஆணி உங்கள் சுவரில் இருக்கட்டும்.