சேர்டிபிகேட் மட்டும் போதாது, மனே!

2017இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவுக்கு முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் குந்தியிருந்தார்கள். எல்லோர் கையிலும் டிகிரி இருந்தது. இன்றைக்கும் ஒரு பாடசாலைக்கோ, முன்பள்ளிக்கோ, என்.ஜி.ஓ.வுக்கோ இன்டர்வியூ போனால், பக்கத்துக் கதிரையில் இருப்பவரின் பைலும் உங்கள் பைலும் ஒரே கனம்தான்.

பிறகு எதைப் பார்த்து எடுப்பார்கள்? முப்பது பிள்ளைகள் கத்தும் வகுப்பைத் தடி எடுக்காமல் அமைதிப்படுத்தத் தெரியுமா என்று பார்ப்பார்கள். அதற்கு உதவும் கற்பித்தலுக்கு ‘எஸ்.இ.எல்’ என்று பெயர். தமிழில் சமூக, உணர்வுசார் கற்றல். தன் மனநிலையை அறிவது, அதைக் கட்டுப்படுத்துவது, மற்றவரை விளங்கிக்கொள்வது, சேர்ந்து பழகுவது, யோசித்து முடிவெடுப்பது என்று ஐந்து திறன்கள். “இதெல்லாம் சும்மா விளையாட்டு” என்று ஒதுக்குகிறவர்கள் தாராளமாக ஒதுக்கட்டும். உங்களுக்குப் போட்டி குறையும்.

1. முதலில் உங்கள் ஊரைப் படியுங்கள். கொழும்பில் இருந்து வரும் ட்ரெய்னர் பவர்பொயின்டில் காட்டும் பலதை மட்டக்களப்பு எப்போதோ செய்து பார்த்துவிட்டது. 1996இல், யுத்தத்துக்கு நடுவில், யேசு சபைக் குருவான போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் சேர்ந்து இங்கே வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்க் கிராமத்துப் பிள்ளையும் முஸ்லிம் கிராமத்துப் பிள்ளையும் பஸ் ஏறி வந்து ஒரே களிமண்ணைப் பிசைந்தார்கள். வர்ணம், கதை, நாடகம், தோட்ட வேலை எல்லாம் நடந்தன. “உனக்கு என்ன நடந்தது, சொல்லு” என்று தோண்டுவதை விட்டு, கைக்கு வேலை கொடுத்தார்கள். வந்த பிள்ளைகளோடு விளையாடி வழிநடத்தியவர்களும் இந்த ஊர் இளைஞர்கள்தான். இன்டர்வியூவில் வெளிநாட்டு மொடல் ஒன்றின் பெயரைச் சொல்பவர் பத்துப் பேர் வருவார்கள். இந்தப் பூங்காவைப் பற்றி இரண்டு நிமிடம் தெளிவாகப் பேசுகிறவர் அபூர்வம். அந்த ஆளாக நீங்கள் இருங்கள். பேராசிரியர் தயா சோமசுந்தரமும் சிவயோகனும் எழுதிய ‘தமிழ் சமுதாயத்தில் உளநலம்’ நூலையும் தேடி வாசித்துவிடுங்கள்.

2. காசு செலவில்லாத ரிசோர்ஸ் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். சிரிக்கிற முகம், அழுகிற முகம் ஒட்டிய கலர் சார்ட் கடையில் கிடைக்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அழுகிற முகத்துக்குக் கீழே தன் பெயரை ஒட்டுகிற பிள்ளையை இடைவேளையில் மற்றவர்கள் சும்மா விடுவார்களா? பதிலுக்கு, மூடியில் துளை போட்ட மூன்று பழைய பால்மா டின் எடுங்கள். ‘நல்லா இருக்கு’, ‘பரவாயில்ல’, ‘சரியில்ல’ என்று எழுதி, வாசலில் ஒரு மறைப்புக்குப் பின்னால் வையுங்கள். ஐஸ்கிரீம் குச்சியில் பெயரை எழுதி ஆளுக்கு ஒன்று கொடுங்கள். உள்ளே வரும்போது ஒவ்வொருவராகப் போய்ப் போடட்டும். எந்த டின் என்று மற்றவருக்குத் தெரியாது. பாடசாலை விட்டபிறகு நீங்கள் மட்டும் திறந்து பாருங்கள். ஒரே குச்சி மூன்று நாள் தொடர்ந்து மூன்றாவது டின்னில் கிடந்தால், நாலாம் நாள் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் போய் இருங்கள். “என்ன மனே, சாப்பிட்டியா?” என்று தொடங்கினால் போதும். விசாரணை வேண்டாம்.

3. தாளத்தைப் பாவியுங்கள். வடமோடி, தென்மோடிக் கூத்து ஆடும் மண் இது. சீலாமுனையில் கலாநிதி சி. ஜெயசங்கரும் ‘மூன்றாவது கண்’ குழுவினரும் கூத்தை ஊர் மக்களோடும் சிறுவர்களோடும் சேர்ந்து மீளுருவாக்கம் செய்திருக்கிறார்கள். வகுப்பில் மத்தளம் தேவையில்லை. கைதட்டித் தாளம் போடுங்கள். பிள்ளைகள் திருப்பித் தட்டட்டும். வேகத்தைக் குறையுங்கள், சத்தத்தைக் குறையுங்கள், கடைசியில் ஒரு விரலால் தட்டுங்கள். வகுப்பு தானாக அடங்கும். டெமோ லெசன் கேட்டால் இதையே செய்து காட்டுங்கள்.

4. வாயைத் திறக்கும் முன் வீட்டு நிலைமையை நினையுங்கள். “அம்மாவுக்கு ஒரு கார்ட் செய்வோம்” என்பீர்கள். அம்மா மத்திய கிழக்கில் வீட்டு வேலையில் இருப்பார். “குடும்பத்தை வரையுங்க” என்பீர்கள். அப்பா காணாமல் போனவர். யாரைப் பிடிக்குமோ அவரை வரையச் சொன்னால் பிரச்சினை தீர்ந்தது. காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ முஸ்லிம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தால் “வாப்பாவை வரச்சொல்லு” என்று வாயில் வர வேண்டும். சின்ன விஷயம்தான். ஆனால் அதிபர் கவனிப்பார், பெற்றோர் அதைவிடக் கவனிப்பார்கள்.

5. பெற்றோரை உங்கள் பக்கம் எடுங்கள். “புலமைப்பரிசில் வருது, நீங்க களிமண் விளையாடுறீங்க” என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். கோபப்படாமல் நம்பரைச் சொல்லுங்கள். 2011இல் ஜோசப் டர்லாக்கும் சகாக்களும் 213 எஸ்.இ.எல் திட்டங்களை, 2 இலட்சத்து 70 ஆயிரம் மாணவர்களை வைத்து ஆராய்ந்தார்கள். பங்குபற்றிய மாணவர்கள் படிப்பிலும் மற்றவர்களைவிட 11 பெர்சன்டைல் புள்ளி முன்னுக்கு நின்றார்கள். பிறகு பெற்றோருக்கும் ஒரு வேலை கொடுங்கள்: ரியூசன் விட்டு வரும் பிள்ளையிடம் “எத்தனை மார்க்ஸ்?” என்று கேட்கும் முன் பத்து நிமிடம் சும்மா இருக்கட்டும்.

6. அடிக்காதீர்கள். கல்வி அமைச்சின் சுற்றறிக்கை உடல் தண்டனையைத் தடுக்கிறது. 1929க்கு ஒரு கோல் போனால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை கேள்வி கேட்கும். “எங்கட காலத்துல அடிச்சுத்தானே படிச்சோம்” என்பது விசாரணையில் எடுபடாது.

7. கவுன்சிலர் வேஷம் போட வேண்டாம். பிள்ளை தன்னைக் காயப்படுத்துகிறது, வீட்டில் துஷ்பிரயோகம் நடக்கிறது என்று தெரிந்தால் அது உங்கள் தகுதிக்கு மேலே போன விஷயம். அதிபரிடமும் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியரிடமும் அன்றைக்கே சொல்லுங்கள். போதனா வைத்தியசாலை உளநலப் பிரிவு இருக்கிறது, 1926 என்ற உளநல உதவி இலக்கம் இருக்கிறது. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவரைத்தான் தொழில் தெரிந்தவர் என்பார்கள்.

8. எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் செய்ததும் செய்யாததும் ஒன்றுதான். தவணைத் தொடக்கத்தில் ஒரு வாரம் இடைவேளைச் சண்டைகளை எண்ணுங்கள். தவணை முடிவில் திரும்ப எண்ணுங்கள். வரவையும் அப்படியே. பிள்ளைகளின் பெயரோ முகமோ இல்லாமல் ஒரு பக்கத்தில் போட்டு பைலில் வையுங்கள். குறையாவிட்டால் அதையும் எழுதி, என்ன மாற்றினீர்கள் என்று சேர்த்து எழுதுங்கள். அந்தப் பக்கத்தை இன்டர்வியூ போர்ட் நிச்சயம் திருப்பிப் பார்க்கும்.

9. என்.ஜி.ஓ. வேலை கிடைத்தால், புரொஜெக்ட் முடியும் திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு எத்தனையோ நிறுவனங்கள் இந்த வாவிக் கரைக்கு வந்தன, பண்ட் முடிந்ததும் போய்விட்டன. ஒஃபிஸ் பூட்டிய பிறகு ரெபரன்ஸ் லெட்டர் கேட்டு யாரிடம் போவீர்கள்? முடிவதற்கு இரண்டு மாதம் முன்னரே கேளுங்கள். நீங்கள் நடத்திய செஷன்களின் பெயர், வகுப்பு, காலம் மூன்றும் லெட்டரில் வர வேண்டும். மேலதிகாரிக்கு நேரமில்லை என்றால் நீங்களே டைப் பண்ணிக் கொண்டுபோய் சைன் வாங்குங்கள்.