சனிக்கிழமைச் சம்பளத்துக்கு எந்தக் கடை?

விருதுபட்டி என்று வழங்கிவந்த ஊர் 1923-இல் விருதுநகர் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆனால் பெயர் எதுவாயினும், பிற தேசத்தில் விளைந்த பொருளுக்கும் தன் கடைத்தெருவில் உட்கார்ந்து விலை சொல்லும் சாமர்த்தியம் அதற்கு உண்டு. பர்மாவிலிருந்து உளுந்தும், கர்நாடகத்திலிருந்து துவரையும், ராமநாதபுரத்துப் பக்கமிருந்து முண்டு வத்தலும் இங்கே வந்து இறங்க, பருப்பை 100 கிலோ மூட்டையாகவும் எண்ணெயை 15 கிலோ டின்னாகவும் கணக்கிட்டு நாளிதழ்கள் வெளியிடும் விருதுநகர் மார்க்கெட் நிலவரமானது, தென் மாவட்டங்களின் சில்லறைக் கடைக்காரர்களுக்கு ஒருவிதப் பஞ்சாங்கமாகவே இருந்து வருகிறது. அப்படிப்பட்ட ஊரிலும், அதைச் சுற்றிய சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர் பக்கங்களிலும், குளிரூட்டிய தள்ளுபடிக் கடையில் வண்டி தள்ளிக்கொண்டு நிற்கும் குடும்பத்தார், எங்கேயோ கட்டிய பருப்புப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இங்கேயும் ஏறிப்போச்சே!" என்று வியக்கிறார்கள். அந்த வியப்பு சற்று ஆராயத்தக்கது.

தள்ளுபடி என்பது விலையன்று. தயாரிப்பாளர் அச்சிட்ட ஓர் எண்ணிலிருந்து கடைக்காரர் கழித்துக் காட்டும் எண். 200 ரூபாய் எம்.ஆர்.பி. அச்சிட்ட பொருளை 20 சதவிகிதத் தள்ளுபடியில் 160 ரூபாய்க்கு வாங்கிய ஒருவர், அச்சு விலை 240 ஆகித் தள்ளுபடியும் 25 சதவிகிதமாக உயர்ந்த பின்னர் அதே பொருளை 180 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு, முன்னைவிட அதிக லாபம் கிடைத்ததாகச் சந்தோஷப்பட்டு வீடு திரும்புவது இயல்பே. பில்லின் அடியில் "நீங்கள் சேமித்தது" என்று அச்சிட்டிருக்கும் வரியைப் படிக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். சென்ற மாதத்துப் பில்லை எடுத்துவைத்து, இறுதியில் கொடுத்த தொகையோடு தொகையை ஒப்பிடுவதே கணக்கு.

மலிவுக் கடையில் விலை ஏறினால் அது துரோகம் அன்று. அந்த வியாபார முறையின் சுபாவமே அதுதான். ஜெர்மனியின் எஸ்ஸென் நகரத்து ஆல்பிரெக்ட் சகோதரர்கள், தாயார் நடத்திய சிறு கடையிலிருந்து தொடங்கி 1962-இல் ஆல்டி என்று பெயர் சூட்டிய கடைகள் முதல் நம்மூர்ச் சங்கிலிக் கடைகள் வரையில், எல்லாம் குறைந்த லாபம், வேகமான விற்பனை என்ற ஒரே சூத்திரத்தில் நடப்பவை. லாபம் மெலிதாக இருப்பதால், கொள்முதல் விலை ஏறும்போது அதைத் தாங்கிக்கொள்ளச் சதை இல்லை. ஏற்றம் நேரே அலமாரிக்கு வந்துவிடுகிறது. 2023 மார்ச்சில் பிரிட்டனில் உணவு விலையேற்றம் ஆண்டுக்கு 19 சதவிகிதத்தைத் தாண்டியபோது, அதற்கு முன்பே மலிவுக் கடைக்கு இறங்கி வந்துவிட்டவர்களுக்கு மேலும் இறங்கப் படி இருக்கவில்லை. நம் சமையலறைக்கு வந்தால், 2024 செப்டம்பர் 14-இல் கச்சா பாமாயில், சூரியகாந்தி எண்ணெய்களின் மொத்த இறக்குமதி வரி 5.5 சதவிகிதத்திலிருந்து 27.5 ஆகத் தாவி, 2025 மே 30-இல்தான் 16.5 ஆக இறங்கியது. அந்த வரிக்கும் நம்மூர் எள்ளில் ஆட்டிய நல்லெண்ணெய்க்கும் நேரான சம்பந்தம் இல்லை. ஆகையால் இரண்டையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியே ஆகவேண்டும் என்ற நியதியும் இல்லை.

எண்ணெயில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. செக்கிலும் எண்ணெய்க் கடையிலும் கிலோவாகப் பேசுவார்கள். பாக்கெட்டில் லிட்டராக எழுதுவார்கள். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம். லிட்டர் 300 ரூபாய் என்பது கிலோவுக்கு ஏறத்தாழ 330 ரூபாயாகும். எனவே கிலோ 320 என்று சொல்லும் செக்குக்காரரை 'விலை கூட்டுகிறார்' என்று பழிப்பவர் தாமே ஏமாறுகிறார். போதாக்குறைக்கு, இன்ன பொருளை இன்ன அளவில்தான் பொட்டலமிட வேண்டும் என்றிருந்த பழைய அட்டவணையை அரசு நீக்கிவிட்டதனால், லிட்டர் பாக்கெட்டின் அதே தோற்றத்தில் 750 கிராமும் 800 கிராமும் அலமாரியில் வந்து நிற்கின்றன. அதற்கு மாற்றாக, ஒரு கிராமுக்கோ ஒரு மில்லிலிட்டருக்கோ ஆகும் விலையையும் உறையில் அச்சிடவேண்டும் என்பது விதி. எறும்பளவு எழுத்துத்தான், ஆயினும் பெரிய எழுத்துக்களைவிட அதுவே நம்பத்தக்கது. கண்ணாடியை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

பருப்பு, பயறு, அரிசி விஷயத்தில் என் பட்சம் தயக்கமின்றிப் பலசரக்குக் கடையின் பக்கமே. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோவுக்கு உட்பட்டுப் பொட்டலமிட்டுப் பெயரச்சிட்டு விற்கும் தானியத்துக்கும் பருப்புக்கும் 5 சதவிகித ஜி.எஸ்.டி. உண்டு, சாக்கிலிருந்து அள்ளி நிறுத்துத் தந்தால் இல்லை. இந்த விதி வந்ததும் நம் அரிசி ஆலைக்காரர்கள் 26 கிலோ சிப்பம் என்று ஒன்றைக் கண்டுபிடித்து, சட்டத்துக்கு ஒரு கிலோ வித்தியாசத்தில் வணக்கம் செலுத்தியதை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. கூட்டுக் குடும்பமாயிருந்தால் அந்தச் சிப்பம் பிரயோஜனமானது. மேலும், அள்ளித் தரும் கடையில் பருப்பைப் பல்லால் கடித்துப் பார்க்கலாம். உருட்டு உளுந்தை முகர்ந்து பார்த்துப் பழசா புதுசா என்று சொல்லிவிடலாம். கால் கிலோ போதுமென்றால் கால் கிலோவே கிடைக்கும். ஒட்டிய பொட்டலத்தில் இந்த உரிமைகள் எவையும் இல்லை. எடைத் தட்டின் மேல் ஒரு கண் வைத்துக்கொள்ள வேண்டியது மட்டும் நம் பொறுப்பு.

குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கோத்து முதலியவற்றில் நிலைமை நேர்மாறானது. இவை எங்கு வாங்கினாலும் ஒரே சரக்கு. மூட்டை மூட்டையாக நேரே கம்பெனியிடம் எடுக்கும் பெரிய கடை தரும் தள்ளுபடியைச் சிறு கடைக்காரரால் தர இயலாது. 2025 செப்டம்பர் 22 முதல் இவற்றின் மீதான ஜி.எஸ்.டி. 18 சதவிகிதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருப்பதால், உறையில் தயாரிப்பு மாதத்தையும் பாருங்கள். அதற்கு முற்பட்ட சரக்கின் பழைய விலையை வைத்துத் தள்ளுபடி காட்டினால், அதில் ஒரு பகுதி கடையின் தயாளமன்று, வரிக் குறைப்பே.

இவ்விரண்டு கடைகளுக்கும் முன்னால் நிற்க வேண்டியது ரேஷன் கடை வாசலில் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அரிசி அட்டைக்கு அரிசி 2011 ஜூன் முதல் இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை 25 ரூபாய். எந்தத் தள்ளுபடிக் கடையும் அந்த விலைக்கு அருகில்கூட வர முடியாது. குறை என்னவெனில், எல்லாச் சரக்கும் ஒரே நாளில் வந்து சேர்வதில்லை. 2024 மே மாதத்துப் பருப்பையும் பாமாயிலையும் ஜூனில் பெற்றுக்கொள்ளலாம் என்று அரசே அறிவிக்க நேர்ந்தது. ஆகவே முதல் வாரத்திலேயே மற்ற கடையில் பருப்பை நிறைய வாங்கிக் குவித்துவிடாமல், ரேஷனில் வந்ததைப் பார்த்துவிட்டு மிச்சத்தை வாங்குவது விவேகம்.

காய்கறிக்கு உழவர் சந்தை, அதிகாலையில் போனால் நல்லது கிடைக்கும், அவ்வளவுதான்.

கடையைத் தேர்ந்தெடுப்பதைவிடக் காலத்தைத் தேர்ந்தெடுப்பது லாபமாக இருக்கும் பொருள்களும் உண்டு. வத்தலும் புளியும் மாசி, பங்குனியில் புதுச் சரக்காக வந்து இறங்குபவை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு வத்தலை அந்தச் சமயத்தில் வருஷத்துக்கும் சேர்த்து வாங்கி, மொட்டைமாடியில் நன்றாகக் காயவைத்து, மல்லியோடு திரித்து வைத்துக்கொள்ளும் வழக்கத்தை நம் பாட்டிமார் பொழுதுபோக்காகச் செய்யவில்லை. ஐப்பசி மழையில் 100 கிராம் மிளகாய்த்தூள் பொட்டலமாக வாங்குபவர், தூளோடு உறைக்கும் விளம்பரத்துக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். ஆனால் மாசியில் மொத்தப் பணம் கையிலிருக்க வேண்டுமே என்று கேட்பீர்களாயின், அந்தக் கேள்வி நியாயமானது. பட்டாசு ஆபீஸுக்கும் தீப்பெட்டி ஆபீஸுக்கும் போய் வருபவர் குடும்பத்தில் பணம் மாதத்துக்கு ஒருமுறை வருவதில்லை. சனிக்கிழமைதோறும் வருகிறது, மழை பெய்தால் குறைந்து வருகிறது, தீபாவளி முடிந்து ஆலை மூடினால் வருவதே இல்லை.

ஆகையால்தான், மாதச் சம்பளக்காரருக்கு எழுதப்படும் சிக்கன உபதேசங்கள் இப்பிரதேசத்தில் பாதிக்குமேல் பயன்படுவதில்லை. இங்கே அண்ணாச்சி கடையின் பற்று நோட்டையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். 1000 ரூபாய்ச் சாமானுக்கு ரொக்க விலையைவிடப் பற்று விலை 30 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். அதை அடுத்த சனிக்கிழமையே தீர்ப்பவர், அதேபோல் வாரந்தோறும் வாங்கித் தீர்த்தால், சுழலும் ஓராயிரத்துக்கு மாதம் 120 ரூபாய் வட்டி கொடுத்தவராகிறார்; கந்துவட்டிக்காரரும் கூசக்கூடிய விகிதம் அது. அதே 30 ரூபாயைக் கொடுத்து, தீபாவளிக்குப் பின் வேலையற்றிருக்கும் இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பவருக்கோ வட்டி மாதத்துக்கு 15 ரூபாய்தான் விழுகிறது. எந்த அடகுக் கடையிலும் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. பற்று என்பது குறுகிய காலத்துக்கு மிக விலையுயர்ந்த பண்டம், நீண்ட காலத்துக்கு மிக மலிவான பண்டம். நம்மில் பலர் இதை நேர் தலைகீழாகப் பயன்படுத்துகிறோம்.

ஆனால் வேலையுள்ள மாதமெல்லாம் தள்ளுபடிக் கடைக்குப் போய்விட்டு, ஆலை மூடியதும் நோட்டைத் தூக்கிக்கொண்டு வருபவரை எந்த அண்ணாச்சியும் "வாங்க தம்பி" என்று வரவேற்கமாட்டார். 2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் நைட்ரேட்டுக்குத் தடை விதித்துப் பசுமைப் பட்டாசுகளையே செய்யவேண்டும் என்று தீர்ப்பளித்தபின், நவம்பரில் மூடிய ஆலைகள் மாதக்கணக்கில் திறக்கவில்லை. ஆலை மூடினாலும் உலை மூடாது என்பதால், அந்த மாதங்களில் முகம் தெரிந்த கடையே கைகொடுக்கக் கூடியது. பாக்கி சொல்ல ஒரு மனிதர் இல்லாத கடையில் நம் முகத்துக்கு மதிப்பில்லை. அங்கே பார்கோட்டுக்குத்தான் மதிப்பு.

எனவே பருப்பு, வத்தல், மல்லி, புளி ஆகியவற்றை வருஷம் முழுதும் அண்ணாச்சியிடமே, வேலையுள்ள வாரங்களில் ரொக்கத்துக்கு, ரொக்க விலை பேசி வாங்குவது; நோட்டை அப்போது வெறுமையாக வைத்திருப்பது; ஆலை மூடும் மாதங்களுக்கென்று அதைத் திறப்பது; பொங்கலுக்குப் பின் சம்பளம் சீராக வரத் தொடங்கியதும் வாரம் கொஞ்சமாகக் குறைத்து, மிஞ்சியதைத் தீபாவளி போனஸில் அடைப்பது என்று ஏற்பாடு செய்துகொள்ளலாம். போனஸ் வந்த அன்று ஜவுளிக்கடைக்குக்கூடப் பிறகு போகலாம். அண்ணாச்சி பழைய பக்கத்தைக் குறுக்கே அடித்துவிட்டுப் புதுப் பக்கத்தில் பிள்ளையார் சுழி போடுவதை நின்று பார்த்துவிட்டு, அப்புறம் சோப்பு வாங்க வண்டி தள்ளப் போங்கள்.