கரையிலேயே தொடங்கும் ஊழியம்

வேதபகுதி: அப்போஸ்தலர் 27



2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸைக் கொண்டாடப் பழவேற்காடு ஏரிக்குச் சென்றவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். படகில் அளவுக்கு மிஞ்சி ஆட்கள் ஏறியிருந்தார்கள்.

நீரில் மூழ்கியவருக்கு மூச்சு நின்ற சில நிமிடங்களிலேயே மூளை பழுதடையத் தொடங்கும். மருத்துவமனைக்குக் கொண்டுவருமுன் பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது. ஆகவே மருத்துவர்களால் செய்யக்கூடாத ஊழியம் ஒன்று சபையாருக்கு உண்டு. பவுலின் கப்பற்பயணம் அதைக் கற்பிக்கிறது.

1. முன்னதாக எச்சரித்தல் (வச. 9-11)

நல்ல துறைமுகத்தில் பவுல் ஆபத்தை எடுத்துச் சொன்னார். நூற்றுக்கு அதிபதியோ மாலுமியையும் கப்பல் எஜமானையும் நம்பினான். இன்றும் படகுக்காரர், "இன்னும் நாலு பேர் ஏறலாம்" என்றால் நாம் ஏறிவிடுகிறோம். பண்டிகை நாட்களில் வாலிபர் ஐக்கியத்தார் இருவர் படகுத்துறையில் நின்று, அளவுக்கு மேல் ஏறுகிறவர்களை அன்பாய்த் தடுக்கலாம். படகில் எல்லாரும் ஒரே பக்கம் சாயக்கூடாது என்றும் சொல்லலாம். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 45 பேர் இறந்த விபத்தில், பயணிகள் ஒரு பக்கமாய்த் திரண்டதும் ஒரு காரணம்.

2. எண்ணிக்கை (வச. 37)

கப்பலில் இருந்த 276 பேரையும் லூக்கா கணக்கில் வைத்திருக்கிறார். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது பெயர்களை எழுதி, ஏறும்போதும் இறங்கும்போதும் எண்ணுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் அளவுக்கேற்ற லைஃப் ஜாக்கெட்டை வார் இறுக்கி அணிவியுங்கள். அது இல்லாத படகில் ஏற்றாதிருங்கள்.

3. பலகைகள் (வச. 43-44)

ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது என்ற வாக்குத்தத்தம் பவுலுக்கு இருந்தது. ஆனாலும் நீந்தத் தெரியாதவர்கள் பலகைகளைப் பற்றியே கரை சேர்ந்தார்கள். "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி லைஃப் ஜாக்கெட்டை ஒதுக்குவது விசுவாசமல்ல.

யாராவது மூழ்கினால் பயிற்சியில்லாமல் குதிக்காதீர்கள். இறுக மூடிய காலி பிளாஸ்டிக் கேனைக் கயிற்றில் கட்டி எறியுங்கள். கரையேற்றியபின் வயிற்றை அமுக்கவோ தலைகீழாய்த் தூக்கவோ வேண்டாம். மூச்சில்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதி, மார்பை அழுத்தத் தொடங்குங்கள். உடனே 108-ஐ அழையுங்கள். கடலில் ஆபத்தென்றால் கடலோரக் காவல்படையின் எண் 1554.

உங்கள் காணிக்கைகள் நோயாளிகளின் படுக்கைகளைத் தாங்குகின்றன. ஒரு பிள்ளை அந்தப் படுக்கைக்கு வராமலே வீடு திரும்பினால், அதுவும் உங்கள் ஊழியத்தின் கனியே.

சிந்திக்க: உங்கள் சபையின் அடுத்த உல்லாசப் பயணத்தில், "இந்தப் படகு வேண்டாம்" என்று சொல்லப்போகிறவர் யார்?

ஜெபம்: ஆண்டவரே, பிறர் உயிருக்காகப் பேசும் தைரியத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.