இருதய இரண சிகிச்சையும் பரம்பரையும்

இருதயத்திற்கு இரத்தம் கொணரும் குழாய் அடைபட்டவிடத்து, காலினின்றும் ஒரு குழாயை எடுத்து ஒட்டி மாற்றுவழி அமைக்கும் இரண சிகிச்சை இக்காலத்தில் யாவரும் அறிந்ததே. ஒரே வைத்தியர் ஒத்த வயதினர் இருவர்க்கு இதனைச் செய்கின்றார் எனக் கொள்வோம். இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் ஒருவர் இருதயம் ஒழுங்காகத் துடித்திருக்க, மற்றவர் இருதயத்தின் மேலறைகள் நடுங்கத் தொடங்குகின்றன. துடித்தல் வேறு, நடுங்கல் வேறு என நம் மொழியே பிரித்துக் காட்டுமன்றோ? இருதய இரண சிகிச்சை பெறுவோருள் நூற்றுக்கு 20 முதல் 40 பேர் வரை இந்நடுக்கத்திற்கு ஆளாகின்றனர். நடுங்கும் அறையில் இரத்தம் தேங்கி உறையும். அக்கட்டி மூளையை அடையின் பக்கவாதம் நேரும். ஆதலின் இவ்விருவரிடை வேறுபாடு யாது காரணத்தால் என்னும் வினா உயிரைப் பற்றியதாகும்.

விடையின் ஒரு பகுதி 2007-இல் ஐஸ்லாந்திலிருந்து வந்தது. நான்காம் குரோமோசோமில் ஓரிடத்து அமைந்த நுண்ணிய வேறுபாடுகள், மேலறை நடுக்கமுற்றாரிடம் மிகுதியாகக் காணப்பட்டன. ஹாங்காங் சீனரிடையும் அத்தொடர்பு புலப்பட்டது. 2009-இல் அமெரிக்காவில் இரண சிகிச்சை பெற்றோரை ஆராய்ந்தபொழுது, சிகிச்சைக்குப்பின் தோன்றும் நடுக்கத்திற்கும் அவ்விடமே தொடர்புடையதென விளங்கிற்று.

அவ்விடத்திற்கு அண்மையிலுள்ள ஜீன் பிட்எக்ஸ்-2 என்பது. அண்மை என்றோம், இடையே சுமார் 1,50,000 எழுத்துக்கள் உள! கருவில் இடப்புறம் வலப்புறம் என்னும் பாகுபாட்டை வகுப்பது இந்த ஜீனே. இருதயத்தின் தாளத்தை நடத்தும் கணு வலப்புற மேலறையில் உளது. இடப்புறத்திலும் அத்தகைய கணு உருவாகாவண்ணம் தடுப்பதும் இதன் தொழிலாம். ஒரு கச்சேரியில் இருவர் தத்தமக்குத் தோன்றியவாறு தாளமிட்டால் பாட்டு என்னாகும்? இந்த ஜீனின் அளவைப் பாதியாகக் குறைத்த எலிகளின் மேலறைகள், மின்தூண்டலால் எளிதில் ஒழுங்கு கெட்டன.

இதனைத் தலையெழுத்து என்பாரோடு யாம் உடன்படோம். இவ்வேறுபாட்டைத் தாங்கியோர் பலர் நடுக்கமின்றி வீடு திரும்புகின்றனர். தாங்காதார் சிலர் நடுங்குகின்றனர். முதுமையின் வலிமை இதனினும் பெரிது. பரம்பரை உலர்ந்த விறகு எனின், கத்தி பட்ட இடத்து அழற்சியும், அவ்வமயம் பெருகும் அட்ரினலினும் தீப்பொறியாம். அதுபற்றியே வைத்தியர்கள் அட்ரினலினின் வேகத்தைத் தணிக்கும் பீட்டா தடுப்பு மருந்தை உட்கொள்வோர்க்கு, சிகிச்சையின்பின்னும் அதனை நிறுத்தாது தொடர்கின்றனர். நடுக்கம் பெரும்பாலும் சில வாரங்களுள் அடங்கும். ஆயினும் ஒருமுறை நடுங்கிய இருதயம் பின்னாளில் மீண்டும் நடுங்கக்கூடுமாதலின், வீடு திரும்பியோரும் நாடியைச் சோதித்துவருதல் வேண்டும்.