ஆமையின் கொழுப்பு உறைந்துவிடாதா?

மார்கழிக் காலையில் கம்பம் பள்ளத்தாக்கில் தேங்காய் எண்ணெய் வெண்மையாக உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்திலிருக்கும் நல்லெண்ணெய் உறைவதில்லை. இப்போது நம் குளம், கண்மாய்களில் வாழும் பாலாமையை நினைத்துப் பாருங்கள். அது குளிர் இரத்தப் பிராணி. நீர் குளிர்ந்தால் அதன் உடலும் குளிரும். அப்படியானால் அதன் கொழுப்பும் தேங்காய் எண்ணெயைப் போல் உறைந்துவிடாதா?

விடை கொழுப்பு அமிலங்களில் இருக்கிறது. ஸ்டீரிக் அமிலம், ஒலியிக் அமிலம் இரண்டிலும் 18 கார்பன் அணுக்களே உள்ளன. ஆனால் முன்னது உருக 69 டிகிரி சென்டிகிரேடு வேண்டும். பின்னது 13 டிகிரியிலேயே உருகிவிடும். காரணம், ஒலியிக் அமிலத்திலுள்ள ஒரே ஓர் இரட்டைப் பிணைப்பு! நேரான தீக்குச்சிகள் நெருக்கமாக அடுங்கும். நடுவில் வளைந்த குச்சிகள் அப்படி அடுங்குமா? இரட்டைப் பிணைப்பு மூலக்கூறை வளைத்துவிடுகிறது. நெருக்கம் குறைந்தால் மூலக்கூறுகளுக்கு இடையேயுள்ள ஈர்ப்பும் குறையும்; சிறிது வெப்பமே அவற்றைப் பிரித்துவிடும். இரண்டு இரட்டைப் பிணைப்புகள் கொண்ட லினோலியிக் அமிலம் -5 டிகிரியில் உருகுகிறது.

ஆமையின் கொழுப்பில் இத்தகைய நிறைவுறாத அமிலங்கள் மிகுதி. ஆகவே அது குளிரிலும் இளகியே இருக்கும். எல்லா உறுப்புகளிலும் கொழுப்பு ஒரே வகையன்று. தோலடியிலும் வயிற்றறையிலும் உள்ளது சேமிப்புக் கொழுப்பு. ஈரல், கொழுப்பை ஆக்கி அனுப்பும் பட்டறை. முட்டையின் மஞ்சள் கருவுக்கான பொருளும் அங்கேதான் தயாராகிறது. மூளையிலும் இதயத்திலும் கொழுப்பு பெரும்பாலும் செல் சவ்வாக அமைந்துள்ளது. சவ்வு இறுகினால் செல்லின் வேலை கெடும். ஆகவே பல இரட்டைப் பிணைப்புகள் கொண்ட அமிலங்கள் அங்கே தேவைப்படுகின்றன.

கோடையில் கண்மாய் வற்றினால் பாலாமை சேற்றில் புதைந்து மழைக்குக் காத்திருக்கும். அப்போது சேமித்த கொழுப்பே அதன் கட்டுச்சோறு. ஒரு கிராம் மாவுப்பொருள் 4 கிலோகலோரி தரும். ஒரு கிராம் கொழுப்போ 9 தரும்.

இந்தக் கட்டுச்சோற்றை மருந்தென்று நம்பி ஆமையைக் கொல்வோர் இன்றும் உண்டு. அதிலுள்ள ஒலியிக் அமிலம் நம் கடலை எண்ணெயிலேயே தாராளமாகக் கிடைக்கிறதே! 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது பாலாமை. அதைப் பிடிப்பது குற்றம்.

செய்து பாருங்கள்: இரு சோதனைக் குழாய்களில் தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் எடுத்து, 15 டிகிரி நீரில் நிறுத்துங்கள். முதலில் உறைவது எது? ஏன்? இனி நீங்களே சொல்லலாம்.