மணப்பெண் அலங்காரம்: முகத்துக்கு வேண்டியது நிழல், வெள்ளை அல்ல



மணப்பெண் அலங்காரத்தைத் தொழிலாகச் செய்யும் சகோதரி ஒருவருக்கு நேர்ந்ததை அவர் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். பொண்ணு நல்ல கறுப்பு, களையான முகம். "எப்படியாவது வெள்ளையா காட்டிடும்மா" என்று பொண்ணோட அத்தை சொல்ல, இவரும் வெளிர் நிற ஃபவுண்டேஷனைப் பூசிவிட்டார். வீட்டுக் கண்ணாடியில் நன்றாகத்தான் தெரிந்தது. மண்டபத்தில் வீடியோ விளக்கு போட்டதும் முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிட்டது. கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். பொண்ணு மேடையிலேயே கண் கலங்கியது. பேசிய 4,000 ரூபாயில் கைக்கு வந்தது 1,500 தான். மேக்கப் பெட்டி வாங்கக் குழுவில் எடுத்த உள்கடனுக்கு அந்த மாதத் தவணை கட்ட முடியவில்லை.

அவர் கைத்திறனில் குறை இல்லை. அழகு என்றால் வெள்ளை என்று நினைத்ததுதான் தவறு.

ஒரு சின்ன சோதனை செய்து பார்ப்போமா? இரவில் கண்ணாடி முன் நின்று, டார்ச் லைட்டை முகத்துக்கு நேராக அடியுங்கள். மூக்கும் கன்னமும் தட்டையாகத் தெரியும். அதே டார்ச்சைத் தலைக்கு மேலே பிடியுங்கள். கன்ன எலும்புக்குக் கீழே, மூக்கு ஓரத்தில், தாடைக்குக் கீழே நிழல் விழும். முகம் எடுப்பாகிவிடும். ஆக, முகத்துக்கு வடிவம் தருவது நிழல். கேமரா ஃபிளாஷ் நேராக அடித்து அந்த நிழலை அழித்துவிடுகிறது. அழிந்த நிழலைப் பூச்சால் திரும்ப வைப்பதற்குத்தான் 'கான்டூரிங்' என்று பெயர். நாடக மேடையிலும் சினிமாவிலும் வெகு காலமாகச் செய்துவரும் வேலைதான் இது.

செய்முறை:

1. அடிப்பூச்சு: தாடை ஓரத்தில் கொஞ்சம் தடவி, வாசலுக்குக் கூட்டிவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தோலோடு கலந்து காணாமல் போனால் அதுதான் சரியான நிறம். கழுத்துக்கும் பூசுங்கள். எல்லா நிறமும் வாங்கக் கடன் வாங்க வேண்டாம். மூன்று நிறம் இருந்தால் தட்டில் கலந்து சரிசெய்துகொள்ளலாம்.

2. நிழல்: பொண்ணு நிறத்தைவிட இரண்டு படி அடர்ந்த பழுப்பு, மினுமினுப்பு இல்லாததாக எடுங்கள். காது ஓரத்தில் தொடங்கி, கன்ன எலும்புக்குக் கீழே வாருங்கள். கண்ணின் வெளி ஓரத்துக்கு நேர் கீழே வந்ததும் நிறுத்திவிடுங்கள். வாய் வரை இழுத்தால் கன்னம் ஒட்டிப்போய், சீக்காளி முகம் போல இருக்கும்.

3. வெளிச்சம்: நெற்றி நடு, மூக்குத் தண்டு, கன்ன மேடு, முகவாய் ஆகிய இடங்களில் ஒரு படி வெளிர் நிறம். கறுத்த முகத்துக்கு வெள்ளை மினுமினுப்பு சாம்பலாகத் தெரியும். பொன்னிறமும் செம்பு நிறமும் நன்றாக எடுக்கும்.

4. கலத்தல்: ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றிக் கலக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. கோடு தெரிகிறதா? அப்படியென்றால் வேலை இன்னும் முடியவில்லை.

வட்ட முகத்துக்குக் கன்னத்தின் இரு பக்கமும் நிழல் வையுங்கள். நீள முகத்துக்கு நெற்றி மேல் ஓரத்திலும் முகவாய் நுனியிலும், சதுர முகத்துக்குத் தாடை மூலைகளிலும் வையுங்கள்.

எச்சரிக்கை: "ஒரு மாசம் முன்னாடியே சிவப்பாக்குற க்ரீம் கொடுங்க" என்று கேட்பார்கள். கொடுக்காதீர்கள். சில க்ரீம்களில் பாதரசம் இருக்கும். அது தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கும். முதலில் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலிந்து, பரு வந்து, நிறுத்தினால் இன்னும் மோசமாகும். முகப்பூச்சுகளில் தற்செயலாகக் கலந்த பாதரசம்கூட 10 லட்சத்தில் 1 பங்கைத் தாண்டக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் அழகுப்பொருள் விதிகள் சொல்கின்றன. தயாரித்தவர் பெயர், முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி இல்லாத டப்பாவைத் தொடவே தொடாதீர்கள்.

புதுப் பொருளை முதல் நாளே முழங்கை உள்பக்கம் தடவிப் பாருங்கள். அரிப்பு, சிவப்பு வந்தால் வேண்டாம். ஒருவருக்குப் பயன்படுத்திய பிரஷ்ஷைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்த பிறகே அடுத்தவருக்கு எடுங்கள்.

அந்தச் சகோதரி இப்போது முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுகிறார்: "உங்க பொண்ணோட நிறத்தை மாத்த மாட்டேங்க அத்தை. அந்த நிறத்துலயே லட்சணமா காட்டுறேன்." முதலில் முகம் சுளித்தவர்கள் ஆல்பம் வந்த பிறகு, அடுத்த கல்யாணத்துக்கும் அவரையே கூப்பிட்டார்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்:
- நம் ஊரில் பெண் பார்க்க வரும்போது நிறத்தைப் பற்றி என்ன பேசுகிறார்கள்?
- நாம் நம் வீட்டுப் பிள்ளைகளிடம் என்ன சொல்கிறோம்?
- நம் வீட்டு க்ரீம் டப்பாவில் மேலே சொன்ன ஐந்து விவரங்களும் இருக்கின்றனவா? அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவந்து எல்லோரும் சேர்ந்து படித்துப் பாருங்கள்.