ஆங்கிலம் பேசுவோர் ஸ்பானிஷ் கற்கும்போது

நம் மாணவர்களுக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி. அதைக் கற்பதில் அவர்களுக்கு இருக்கும் ஆசையையும் அச்சத்தையும் நாம் நாள்தோறும் பார்க்கிறோம். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகள் இன்னொரு மொழியை எப்படிக் கற்கிறார்கள்? உயர்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பிப்பவன் என்ற முறையில் இந்தக் கேள்வி என்னை வெகுநாளாக ஈர்த்து வந்தது. அமெரிக்கப் பள்ளிகளில் ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாக மிக அதிகமானோர் கற்கும் மொழி ஸ்பானிஷ். அதைப் பற்றிப் படித்தவற்றில், நம் வகுப்பறைக்கும் பொருந்துவனவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பக்கத்து வீட்டு மொழி

அமெரிக்காவில் ஸ்பானிஷ் கடல் கடந்த அயல்மொழி அன்று. 1848இல் மெக்சிகோவுடன் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி கலிபோர்னியா உள்ளிட்ட பரந்த நிலப்பரப்பு அமெரிக்காவின் வசம் வந்தது. அங்கே ஸ்பானிஷ் அதற்கு முன்பே பேசப்பட்டு வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ், சான் பிரான்சிஸ்கோ என்ற ஊர்ப்பெயர்களே ஸ்பானிஷ்தான். இன்று அந்நாட்டில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறார்கள்.

ஆகவே, ஆங்கிலம் பேசும் மாணவர் ஒருவருக்கு இது பாடநூலில் மட்டும் உள்ள மொழியாக இருப்பதில்லை. கட்டட வேலை செய்பவர், பழத்தோட்டத் தொழிலாளி, பக்கத்து இருக்கைத் தோழி என்று அந்த மொழிக்கு முகங்கள் உண்டு. அந்த மனிதர்களைப் பற்றிய எண்ணம், மொழியைப் பற்றிய எண்ணத்திலும் வந்து கலந்துவிடுகிறது.

‘எளிதான மொழி’ என்ற எண்ணம்

பல மாணவர்கள் ஸ்பானிஷைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம், அது எளிது என்ற நம்பிக்கை. இதில் ஓரளவு உண்மை உண்டு. அமெரிக்கத் தூதரக அலுவலர்களுக்கு மொழி கற்பிக்கும் அரசு நிறுவனம், ஆங்கிலம் பேசுவோருக்கு ஸ்பானிஷில் நல்ல தேர்ச்சி பெறச் சுமார் 600 முதல் 750 மணி நேர வகுப்பு தேவை என்று கணக்கிடுகிறது. தமிழுக்கு 1100 மணி நேரம். சீனம், ஜப்பானியம், அரபு ஆகியவற்றுக்கு 2200 மணி நேரம்.

இப்போது பள்ளிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 45 நிமிடப் பாடவேளை, ஆண்டுக்கு 180 நாள் என்றால் 135 மணி நேரம். இரண்டு ஆண்டு படித்தாலும் 270 மணி நேரம்தான். தேவையானதில் பாதிகூட ஆகவில்லை. ஆனால் மாணவர், “எளிதான மொழியே எனக்கு வரவில்லை, எனக்கு மொழி வராது” என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். நேரம் போதவில்லை என்ற உண்மையை யாரும் அவரிடம் சொல்வதில்லை.

மேலும், எது கடினம் என்பது கற்பவர் எங்கிருந்து தொடங்குகிறார் என்பதைப் பொறுத்தது. ஸ்பானிஷில் ‘ஆப்லோ’ என்றால் ‘பேசுகிறேன்’, ‘ஆப்லாஸ்’ என்றால் ‘பேசுகிறாய்’, ‘ஆப்லாமோஸ்’ என்றால் ‘பேசுகிறோம்’. வினையின் ஈறே ஆளைச் சொல்லிவிடும். ஆங்கிலம் பேசுபவர் இதற்குத் திணறுகிறார். நம் பிள்ளைக்கு இது பழகிய வழி. ‘நீ’, ‘நீங்கள்’ என்பதுபோல அங்கே ‘தூ’, ‘உஸ்தேத்’ என்ற இரண்டும் உண்டு. ‘பெரோ’ என்றால் ‘ஆனால்’. ரகரத்தை அழுத்தி உருட்டிச் சொன்னால் ‘நாய்’. கரி, கறி வேறுபாட்டைக் கற்பிக்கும் நமக்கு இது புரியும். இந்த எடுத்துக்காட்டுகளை எட்டாம் வகுப்பில் சொன்னபோது, “அப்போ அவங்களுக்கும் கஷ்டமா இருக்குமா சார்?” என்று கேட்ட மாணவியின் முகத்தில் தெரிந்த தெம்பு, ஒரு வாரப் பயிற்சிக்குச் சமம்.

எதற்காகக் கற்கிறோம்?

மொழி கற்பதில் மனப்பான்மையின் பங்கை முறையாக ஆராய்ந்த முன்னோடிகள் கனடாவின் ராபர்ட் கார்ட்னர், வாலஸ் லாம்பர்ட். மொன்ட்ரியால் நகரில் பிரெஞ்சு கற்ற ஆங்கில மாணவர்களைப் பற்றிய அவர்களின் ஆய்வு 1959இல் வெளிவந்தது. வேலைக்காகவும் மதிப்பெண்ணுக்காகவும் கற்பது ஒரு நோக்கம். அந்த மொழி பேசும் மக்களோடு பழக விரும்பிக் கற்பது மற்றொரு நோக்கம். மொன்ட்ரியாலில் இரண்டாம் வகையினரே நன்றாகக் கற்றார்கள்.

எல்லா ஊருக்கும் இது பொருந்தும் என்று சொல்ல முடியாது. 1972இல் வெளியான யாஸ்மீன் லுக்மானியின் ஆய்வில், மும்பையில் ஆங்கிலம் கற்ற மராத்தி மாணவியரிடம் வேலை, முன்னேற்றம் என்ற பயன் நோக்கமே வலுவாக இருந்தது. நம் மாணவர்களின் நிலையும் இதற்கு அருகில்தான் உள்ளது. காரணம் எதுவாயினும், அது மாணவரின் சொந்தக் காரணமாக இருக்க வேண்டும்.

ஒரே மொழி, இரண்டு தராசு

இந்தப் படிப்பில் என்னை மிகவும் உறுத்திய பகுதி இது. டெக்சாஸ் உள்ளிட்ட தென்மேற்கு மாநிலங்களில் பல பள்ளிகள், வளாகத்தில் ஸ்பானிஷ் பேசிய பிள்ளைகளைத் தண்டித்தன. 1960களிலும் இந்த வழக்கம் இருந்தது. ஆங்கிலப் பிள்ளை பாடமாகக் கற்றால் ஸ்பானிஷ் ஒரு திறமை. மெக்சிகோ வழிவந்த பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவந்தால் அதுவே குறை. 1998இல் கலிபோர்னியா மக்கள் வாக்கெடுப்பின் மூலம் இருமொழிக் கல்வியைப் பெருமளவு கட்டுப்படுத்தினார்கள். 2016இல் இன்னொரு வாக்கெடுப்பில் அவர்களே அந்தத் தடையை நீக்கினார்கள்.

கேலியும் ஒரு மனப்பான்மைதான். ஆங்கிலச் சொல்லின் இறுதியில் ஓகாரம் சேர்த்து ‘நோ ப்ராப்ளமோ’ என்று சொல்வது அங்கே வேடிக்கைப் பேச்சு. உண்மையான ஸ்பானிஷ் சொல் ‘ப்ரோப்ளேமா’. இவ்வகைப் பேச்சை ஆராய்ந்த மானிடவியலாளர் ஜேன் ஹில், சிரிப்புக்குள் அந்த மக்களைத் தாழ்த்தும் எண்ணம் மறைந்திருப்பதைச் சுட்டிக்காட்டினார்.

இதற்கு மாறான முயற்சியும் உண்டு. 1963இல் மயாமி நகரின் கோரல் வே தொடக்கப்பள்ளியில், கியூபாவிலிருந்து வந்த பிள்ளைகளும் ஆங்கிலப் பிள்ளைகளும் இரண்டு மொழிகளிலும் பாடம் படித்தார்கள். இன்று பல அமெரிக்கப் பள்ளிகளில் இருவழி வகுப்புகள் நடக்கின்றன. அங்கே ஸ்பானிஷ் பேசும் பிள்ளை பாதி நேரம் ‘தெரிந்தவர்’. ஆங்கிலப் பிள்ளை அவரிடம் கேட்டுக் கற்க வேண்டும். மொழிக்குக் கிடைக்கும் மதிப்பு பிள்ளைக்கும் கிடைக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

நம் அரசுப் பள்ளிகளில் வீட்டில் தெலுங்கு, உருது, கன்னடம் பேசும் பிள்ளைகள் உண்டு. கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் வந்த குடும்பங்களின் இந்தி, ஒடியா பேசும் பிள்ளைகளும் சேர்கிறார்கள். நான் வகுப்பில் கடைப்பிடிக்கும் சில வழிகள் இவை:

1. ஆண்டின் முதல் வாரத்தில், வகுப்பில் எத்தனை வீட்டுமொழிகள் என்று கரும்பலகையில் பட்டியல் போடுகிறோம். வாரம் ஒரு சொல்லை எல்லா மொழிகளிலும் எழுதுகிறோம். சொல்லிக்கொடுப்பவர் அந்த மொழிப் பிள்ளை.

2. ஒருவரின் உச்சரிப்பைப் பார்த்து மற்றவர் சிரித்தால், அந்தச் சொல்லை வகுப்பு முழுவதும் சேர்ந்து மூன்று முறை சொல்கிறோம். தனியாக யாரையும் நிறுத்துவதில்லை.

3. ‘எனக்கு ஆங்கிலம் எதற்கு?’ என்று ஒவ்வொருவரும் தமிழில் ஒரு வரி எழுதுகிறார்கள். “அப்பாவின் மருந்துச்சீட்டைப் படிக்க” என்று எழுதியவருக்கு, அன்று முதல் மருந்து அட்டையும் ஒரு பாடநூல்.

4. மொழி கற்க எத்தனை மணி நேரம் ஆகும் என்ற கணக்கை மாணவர்களுடனும் பெற்றோருடனும் பேசுகிறேன்.

வீட்டுமொழியைக் கேலி செய்யும் வகுப்பில், அந்தப் பிள்ளை முதலில் தன் மொழியை மறைக்கும். பிறகு நாம் கற்பிக்கும் மொழியிலும் வாய் திறக்காது. வரும் வாரம் உங்கள் வகுப்பில் எத்தனை மொழிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். இதுவரை பேசாதிருந்த ஒரு பிள்ளையை அந்தப் பட்டியலில் நீங்கள் காணக்கூடும்.